காலிக் கட்டத்தில் நான் எழுதியது

தம்பி,

நீயும் பவித்ராவும் புனே போய்ச் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. பால் எங்கே கிடைக்கும் என்று கண்டுபிடித்தது, பக்கத்து வீட்டம்மாவின் மராத்திக்குத் தலையாட்டியே சமாளிப்பது, புதுக் குக்கரில் பருப்பு வேகாதது எல்லாம் போனில் கேட்டாகிவிட்டது. நாங்கள் நன்றாக இருக்கிறோம். உன் அப்பா உரக்கடைக்குப் போய்விட்டார். எனக்கு இன்று கல்லூரி விடுமுறை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் நான் எப்படிப் பேசுவேன் என்று உனக்குத் தெரியும். சாப்பிட்டியா, சரி, வச்சிரவா என்பதற்கு மேல் எனக்கு வராது.

கல்யாணப் பத்திரிகையை ஏன் இரண்டாவது தடவை அடித்தீர்கள் என்று நீ கேட்டபோது, பிரஸ்ஸில் ஒரு தப்பு செய்துவிட்டார்கள் என்று சொன்னேன். நீ வேலை பார்த்த ஊரிலிருந்தே அந்த பிரஸ்காரருக்குப் போன் போட்டுத் திட்டினாய். அவர் "சரி தம்பி, சரி தம்பி" என்று கேட்டுக்கொண்டார். தப்பு அவருடையது இல்லை, என்னுடையது. பவித்ராவுக்கு இது ஆரம்பத்திலிருந்தே தெரியும். நானே உன்னிடம் சொல்கிறேன் என்று கேட்டுக்கொண்டதால் அவள் பேசாமல் இருக்கிறாள். புதிதாகக் கல்யாணமான பெண்ணிடம் மாமியாரின் ரகசியம் ஒன்றைக் கட்டிக்கொடுத்து ரயில் ஏற்றிவிட்டது எனக்கு உறுத்துகிறது. அதனால்தான் இந்தக் கடிதம். எழுதி முடித்ததும் உன் மாமியார் முத்துலட்சுமி மதினியிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்புவேன். அவர் சரி என்றால் வேறு யார் படித்தாலும் எனக்குச் சம்மதம்.

முதலில் பாடத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். எனக்குத் தெரிந்தது அதுதானே. இருபது வருடங்களுக்கு மேலாக நான் கல்லூரியில் டேட்டாபேஸ் சொல்லிக்கொடுக்கிறேன். ஸ்கீமா என்ற சொல்லை எத்தனை தடவை கரும்பலகையில் எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஒரு தகவலையும் உள்ளே போடுவதற்கு முன்னால், என்னென்ன கட்டங்கள் இருக்க வேண்டும், எதில் எழுத்து வரும், எதில் எண் வரும், எதைக் காலியாக விடலாம், எதை விடக் கூடாது, ஒன்றும் போடாவிட்டால் இயந்திரம் தானாக எதைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்து வைப்பதுதான் ஸ்கீமா. மாணவர்கள் இதைச் சலிப்பான வேலை என்று நினைப்பார்கள். ஆனால் பிற்பாடு வருகிற கோளாறுகளில் பாதி இங்கேதான் பிறக்கிறது. கட்டாயம் நிரப்ப வேண்டும் என்று ஒரு கட்டத்தை வைத்தால், பதில் தெரியாதவரும் அதில் எதையாவது எழுதியே தீருவார். உன் அப்பாவின் பிறந்தநாள் ஜூன் முதல் வாரத்தில் வருவது அப்படித்தான். பள்ளியில் சேர்த்தபோது வீட்டில் யாருக்கும் தேதி தெரியவில்லை, படிவத்தைக் காலியாக விடவும் முடியாது, தலைமையாசிரியரே ஒரு தேதியைப் போட்டார். அவர் வகுப்பில் பாதிப் பேருக்கு அதே பிறந்தநாள். நாமும் வருடா வருடம் அந்தப் பொய்த் தேதியில்தான் கேக் வெட்டுகிறோம்.

உளவியல் பாடம் எடுக்கும் ஒரு டீச்சர் கல்லூரிப் பேருந்தில் என் பக்கத்து இருக்கையில் வருவார். ஸ்கீமா என்ற சொல் எங்கள் பாடத்திலும் உண்டு என்று அவர்தான் ஒருநாள் சொன்னார். மனத்துக்குள்ளும் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரைவு இருக்கிறதாம். வீடு என்றால் இப்படி, டாக்டர் என்றால் இப்படி, மாமியார் என்றால் இப்படி. புதிதாக எது வந்தாலும் முதலில் அந்த வரைவுக்குள் திணித்துப் பார்ப்போம். ரொம்பவும் முட்டினால் மட்டும்தான் வேறு வழியில்லாமல் வரைவைத் திருத்துவோம். நான் கேட்டுக்கொண்டேனே தவிர நம்பவில்லை. ஒரு துறைக்காரர்கள் இன்னொரு துறையிலிருந்து ஒரு சொல்லைக் கடன் வாங்கிக்கொண்டு அது தங்களுடையது என்று சொல்வது புதிதில்லையே என்று நினைத்தேன். பிறகு வீட்டுக்கு வந்து யோசித்தபோது உன் நினைவுதான் வந்தது.

உனக்கு இரண்டரை வயது இருக்கும். நாம் ஒத்தக்கடைக்குக் குடிவந்த புதிது. மொட்டை மாடியில் உன்னைத் தூக்கிக்கொண்டு, யானை படுத்திருக்கிற மாதிரி தெரியும் யானைமலையைக் காட்டி, "அது என்ன? யானை!" என்று சொல்லித் தினமும் சோறு ஊட்டுவேன். நீயும் "ஆன, ஆன" என்பாய். அப்புறம் ஒருநாள் கோயிலில் நிஜ யானையைக் காட்டினேன். நீ அதை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இது ஆன இல்ல. இது நடக்குது" என்றாய். பாகன் சிரித்தான். உன் அப்பா, "அவன் சொல்றது சரிதான, அவனுக்குத் தெரிஞ்ச யானை அசைஞ்சதே இல்லையே" என்றார். மூன்று நாள் நீ அதைப் பற்றிப் பேசவில்லை. நான்காம் நாள் சோறு ஊட்டும்போது மலையைக் கை நீட்டிக் காட்டி, "அம்மா, அந்த ஆன எப்ப எந்திரிக்கும்?" என்று கேட்டாய். அந்த டீச்சர் அரைமணி நேரம் விளக்கியதை இரண்டரை வயதில் நீ ஒரே கேள்வியில் செய்து முடித்திருந்தாய். பழைய யானையையும் விடவில்லை, புது யானையையும் ஒதுக்கவில்லை, இரண்டும் இருக்கிற மாதிரி வரைவைத் திருத்திக்கொண்டாய்.

எனக்கு அவ்வளவு சீக்கிரம் வந்ததில்லை. உன் விஷயத்திலேயே வந்ததில்லை. எட்டு வயதில் கிணற்றில் நீச்சல் பழகப் போய் அழுதுகொண்டு திரும்பினாய் அல்லவா, அன்றைக்கு மனத்துக்குள் உனக்கென்று வைத்திருந்த அட்டவணையில் 'பயந்த பிள்ளை' என்று எழுதிவிட்டேன். அப்புறம் பத்து வருடம் அதை யாரும் திருத்தவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குச் சைக்கிளில் போகக் கூட விடவில்லை. நீ காலேஜ் முதல் வருடம் படிக்கும்போது, கீழக்குயில்குடிச் சமணர் மலையின் உச்சியில், பாறை விளிம்பில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருக்கும் உன் போட்டோவைப் பார்த்தேன். அதைப் பார்த்தாவது நான் என் எண்ணத்தை மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். நான் நினைத்தது, 'பாவம், கூடப் போன பயல்கள் வற்புறுத்தியிருப்பார்கள்' என்றுதான். அந்தப் பயல்களைக் கூட்டிக்கொண்டு போனதே நீ என்பது பிறகுதான் தெரிந்தது.

இனி பத்திரிகை விஷயத்துக்கு வருகிறேன். பவித்ராவைப் பற்றி நீ முதலில் சொன்னபோது, "அவங்க அம்மாதான் எல்லாம். அவங்க அப்பாவப் பத்தி மட்டும் கேக்காதம்மா, அவளுக்குப் பிடிக்காது" என்றாய். நான் கேட்கவில்லை. இந்த மாதிரி விஷயத்தில் என்னைவிட நல்ல ஆள் உனக்குக் கிடைக்காது. அடுத்தவர் வீட்டு விஷயத்தைக் கேட்காமல் இருப்பதை நான் ஒரு பெரிய நாகரிகமாகவே வைத்திருந்தேன். நம் சொந்தக்காரர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சம்பளம் எவ்வளவு என்று கேட்பதைப் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம் அது. ஆனால் கேட்கவில்லை என்பதால் எனக்குள் அந்தக் கட்டம் காலியாக இருந்தது என்று அர்த்தமில்லை. ஒன்றும் போடாவிட்டால் தானாக விழுகிற பதில் ஒன்று உள்ளே தயாராக இருந்தது. அப்பாவைப் பற்றிப் பேச்சில்லை, ஆகவே அவர் இறந்துவிட்டார். யாரும் எனக்கு அதைச் சொல்லவில்லை. நானும் அதை முடிவு செய்ததாக நினைவில்லை.

நாகமலை புதுக்கோட்டையில் அவர்கள் வீட்டுக்கு முதல் தடவை போனோமே, அன்றைக்கு முத்துலட்சுமி மதினி பெரிய குங்குமப் பொட்டும் தலை நிறைய மல்லிகையுமாக வந்து கதவைத் திறந்தார். சத்துணவு அமைப்பாளர் வேலை, மத்தியானம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டு நேராக வந்திருந்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? பஸ்ஸில் திரும்பும்போது உன் அப்பாவிடம், "பாத்தீங்களா, புருசன் செத்தும் பூ வச்சிருக்காங்க. ஊருக்குப் பயப்படாத பொம்பள" என்று மெச்சிக்கொண்டேன்.

"செத்துட்டாருன்னு ஒனக்கு யாரு சொன்னா?" என்றார் அவர்.

"இதெல்லாம் யாராவது சொல்லணுமா?"

"நான் சும்மா கேட்டேன்" என்று அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பொட்டும் பூவும் என் கண்ணெதிரே இருந்தன. என் முடிவு தப்பு என்று சொல்ல அதைவிட வேறு சாட்சி வேண்டுமா? அதையும் என் முடிவுக்குள்ளேயே மடித்து வைத்து, அவருக்கு ஒரு பாராட்டும் கொடுத்துவிட்டேன். அதுவும் எப்படி, நான் ரொம்ப முற்போக்கானவள் என்ற திருப்தியோடு.

பத்திரிகைக்கான விவரங்களை மதினி ஒரு தாளில் கையால் எழுதிப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். பெண் பெயர், படிப்பு, தாய் பெயர், தாய்மாமன் பெயர். அவ்வளவுதான். நான் அதை பிரஸ்ஸில் கொடுத்தேன். கல்யாணப் பத்திரிகையும் ஒரு ஸ்கீமாதானே. அவருடைய கம்ப்யூட்டரில் மாடல் தயாராக இருக்கிறது, பெயர்களை மட்டும் மாற்றிக்கொண்டே போவார். பெண் வீட்டுப் பக்கம் வந்ததும் நிறுத்தினார்.

"மாப்பிள்ளை வீடு சரியா இருக்கும்மா. பொண்ணோட அப்பா பேரு வரலையே. இந்தக் கட்டத்த என்ன செய்ய?"

"காலியா விட முடியாதாண்ணே?"

"அதெப்படிம்மா? ஒரு பக்கம் வழுக்கையா நிக்கும். பாக்குறவக நான் விட்டுட்டேன்னுல்ல நெனப்பாக."

கையில் போன் இருந்தது. காலை பதினொரு மணி. மதினிக்கு ஒரு போன் போட்டிருந்தால் முடிந்திருக்கும். கேட்டால் அவர் மனம் புண்படும் என்று நினைத்துக்கொண்டேன். திருமணப் பதிவுக்காக நீ அனுப்பியிருந்த பவித்ராவின் சான்றிதழ் போனில் இருந்தது. அதில் அப்பா பெயர் சின்னச்சாமி.

"சின்னச்சாமின்னு போடுங்க. முன்னால 'தெய்வத்திரு' சேத்துக்கங்க."

"தவறிட்டாகளா? பாவம். எப்பம்மா?"

"ரொம்ப வருசம் ஆச்சு" என்றேன். எனக்குத் தெரியாத ஒருவருக்கு, நடக்காத ஒரு சாவுக்கு, வருடக் கணக்கும் சொல்லிவிட்டேன். இருபது வருடமாக வகுப்பில் என்ன சொல்கிறேன் தெரியுமா? காலி என்றால் பூஜ்யம் இல்லை. காலி என்றால் தெரியாது என்று இருக்கலாம், பொருந்தாது என்று இருக்கலாம், சொல்ல விருப்பமில்லை என்று இருக்கலாம். எது என்று தெரியாமல் நிரப்பாதே. தேர்வில் இதற்குத் தப்பாகப் பதில் எழுதிய பிள்ளைகளுக்கு மதிப்பெண் குறைத்திருக்கிறேன்.

பத்திரிகை அடித்து வந்ததும் அந்த வாரமே நம் பக்கத்துச் சொந்தங்கள் சிலருக்குக் கொடுத்துவிட்டோம். பிறகு தட்டில் வெற்றிலை பாக்கு, பூ, பழத்தோடு பத்திரிகைக் கட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு நாகமலை புதுக்கோட்டைக்குப் போனோம். பவித்ராவின் தாய்மாமன் ராசு அண்ணன்தான் முதலில் கையில் வாங்கினார். அவருக்கு எதையும் சத்தமாகப் படித்துத்தான் பழக்கம். படித்துக்கொண்டே வந்தவர் நின்றார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார்.

"ஏ முத்து, இங்க வா. நம்ம மாப்ள செத்துட்டாராம்ல! எனக்குச் சொல்லவே இல்ல?"

அடுப்படியிலிருந்து மதினி வந்தார். ராசு அண்ணன் என் பக்கம் திரும்பி, "ஓடிப்போனவனத் தெய்வமாக்கிட்டீகளே தங்கச்சி! படம் போட்டு மால போட வேண்டியதுதான் பாக்கி" என்றார். அவர் மட்டும்தான் சிரித்துக்கொண்டிருந்தார். கதவோரம் நின்ற பவித்ராவின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை. உன் அப்பா மெதுவாக, "அடிக்கச் சொன்னது இவதான். நான் அன்னைக்கே கேட்டேன்" என்றார். இருபத்தேழு வருடத் தாம்பத்யத்தில் அவர் என்னைக் கைவிட்ட இடம் அது ஒன்றுதான். அதுவும் நியாயமாகவே.

மதினி கையைச் சேலையில் துடைத்துவிட்டுப் பத்திரிகையை வாங்கி இரண்டு தடவை படித்தார். "செத்துத் தொலையட்டும்னு நானே எத்தனையோ தடவ நெனச்சிருக்கேன் மதினி" என்றார். குரல் உயரவில்லை. "ஆனா அத நீங்க எழுத முடியாதுல்ல."

அப்போதுதான் எனக்கு முழுக் கதையும் தெரிந்தது. பவித்ராவுக்கு ஆறு வயது இருக்கும்போது சின்னச்சாமி வீட்டை விட்டுப் போனவர்தான். எங்கோ இருக்கிறார், எங்கே என்று தெரியாது. கல்யாணம் பேசியதிலிருந்து அந்த வீட்டில் ஒரு வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. மேடையில் பெண்ணின் கையைப் பிடித்துக் கொடுப்பது யார்? ஜோடியாக நின்றுதான் கொடுக்க வேண்டும், ராசு அண்ணனும் அவர் மனைவியும் கொடுக்கட்டும் என்று சொந்தத்தில் எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். மதினி ஒத்துக்கொள்ளவில்லை. 'உசுரோட இருக்கிறவன் வரலேன்னா அது அவன் குத்தம். நான் எதுக்கு எறங்கணும்?' என்று மாதக்கணக்காகப் பேசி, கடைசியில் ராசு அண்ணன் மனைவியையும் சம்மதிக்க வைத்திருந்தார். மகளின் கையைத் தானே பிடித்துக் கொடுக்க வேண்டும், இந்தக் கல்யாணத்தில் அவர் தனக்கென்று கேட்டது அது ஒன்றுதான். நான் அடித்த பத்திரிகை அவரை விதவையாக்கி அந்த மேடையிலிருந்து இறக்கிவிட்டிருந்தது.

"இனி நான் என்னத்தச் சொல்ல? பத்திரிகையிலயே போட்டாச்சு. ஊரு சும்மா இருக்குமா?" என்றார் ராசு அண்ணன். சிரிப்பு போய்விட்டிருந்தது.

அங்கேயும் நான் புத்திசாலித்தனமாக ஒன்று பேசினேன். மன்னிப்பைக் கேட்டிருக்க வேண்டிய இடத்தில், "விதவையா இருந்தாத்தான் என்ன மதினி? அவங்களும் தாராளமா மேடையில நிக்கலாம்" என்றேன்.

மதினி என்னை நிமிர்ந்து பார்த்தார். "நிக்கலாம். நிக்கணும். நீங்க படிச்சவுக, சொல்றீக. ஆனா நான் விதவை இல்லையே. இல்லாத ஒண்ண ஏத்துக்கிட்டு, அப்புறம் அதுக்காகவும் சேத்துச் சண்ட போடவா?"

என் கொள்கை சரியானதுதான், இன்றைக்கும் அதை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் அவர் யார் என்று பார்க்காமல் அதை அவர்மேல் தூக்கிப் போட்டேன். எல்லாவற்றையும் மாற்றி அடிக்கிறேன், கொடுத்ததை எல்லாம் நானே போய் வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். பவித்ரா பஸ் நிறுத்தம் வரைக்கும் கூட வந்தாள். "அவன்ட்ட நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா அத்தை?" என்று மட்டும் கேட்டாள். நான் சொல்கிறேன் என்றேன். சொல்லாமல் பிரஸ்காரர் தலையில் போட்டேன்.

மறுநாள் பிரஸ்ஸில், "அப்ப அந்தக் கட்டத்தக் காலியா விடவாம்மா?" என்று கேட்டார் அவர். "வேணாம்ணே. கட்டத்தையே எடுத்துருங்க" என்றேன். அவர் கட்டத்தை எடுத்தார். பிறகு மதினியின் பெயரை நடுவுக்கு நகர்த்தி, ஒரு அளவு பெரிதாக்கி, கீழே சத்துணவு அமைப்பாளர் என்று போட்டார். வழுக்கையாகத் தெரியவில்லை. "நல்லாத்தாம்மா இருக்கு" என்று அவரே சொன்னார். பிற்பாடு நீ திட்டியதைப் பற்றி நான் வருத்தம் தெரிவித்தபோது, "கல்யாண வேலையில எல்லாரும் எங்களத்தாம்மா திட்டுவாக" என்று சிரித்துவிட்டார். நீ அவருக்கு ஒரு போன் போட்டுவிடு.

அதன் பிறகு பத்துப் பன்னிரண்டு வீடுகளுக்கு நான் தனியாகப் போனேன். கல்யாணத்துக்கும் சாவுக்கும் தவிர சொந்தக்காரர் வீட்டுப் படியேறாத நான். ஒவ்வொரு வீட்டிலும் காப்பி குடித்து, பழைய பத்திரிகையை வாங்கிக்கொண்டு, தப்பு என்னுடையது என்று சொன்னேன். செக்கானூரணியில் உன் அப்பாவின் அத்தை விடுவதாக இல்லை.

"அப்ப ஆளு இருக்காரா?"

"இருக்காரு அத்தை."

"எங்க இருக்காரு?"

"தெரியாது."

"தெரியாதுன்னா எப்படித்தா? கட்டிக்கப்போற வீட்டப் பத்தி விசாரிக்க வேணாமா?"

"தெரியாதுன்னா தெரியாதுதான் அத்தை. பொண்ணோட அம்மாவத் தெரியும். அது போதும்."

"இம்புட்டுப் பேசுவியா நீ? நான் ஒன்ன ஊமைன்னுல்ல நெனச்சேன்" என்றார் அவர். அவருடைய அட்டவணையிலும் எனக்கு ஏதோ ஒரு கட்டம் இருந்திருக்கிறது, அன்றைக்குத் திருத்திக்கொண்டார்.

ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் நான் போகவில்லை. உன் அப்பாவின் சித்தப்பா வீடு. அவர் பத்திரிகையெல்லாம் படிக்க மாட்டார், தேதியையும் மண்டபத்தையும் கேட்டுக்கொள்வார், அவ்வளவுதான் என்று நானே நினைத்துக்கொண்டேன். இவ்வளவு நடந்த பிறகும் பார்.

கல்யாணத்தன்று காலையில் நீ மணமேடையில் புகைக்கு நடுவில் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். போட்டோக்காரர் உன்னை விடவேயில்லை, "சார் இங்க பாருங்க, இங்க மட்டும் பாருங்க" என்று உன் தலையைத் திருப்பிக்கொண்டே இருந்தார். அதனால் மேடைப் படிக்கட்டில் நடந்ததை நீ பார்த்திருக்க முடியாது. ஐயர் பெண்ணைப் பெற்றவர்களை வரச் சொன்னார். மதினி அரக்குப் பட்டுச் சேலையில், முதல் படியில் கால் வைத்துவிட்டார். அப்போது சித்தப்பா முன்வரிசை நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, தன்மையாகத்தான், "தாயி, நீ கொஞ்சம் பின்னால நின்னுக்க. அண்ணனும் மதினியும் ஏறட்டும்" என்றார். அவர் சட்டைப் பையில் பழைய பத்திரிகை மடித்து வைத்திருந்தது. ஒரு எழுத்து விடாமல் படித்திருக்கிறார்.

மதினி காலை இறக்கவில்லை. மேலேயும் ஏறவில்லை. சித்தப்பாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். ராசு அண்ணனும் அவர் மனைவியும் என்ன செய்வதென்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நாதஸ்வரம் மேடைக்குப் பக்கத்திலேயே ஒலித்துக்கொண்டிருந்தது, உனக்கு எதுவும் கேட்டிருக்காது. பத்துப் பேருக்கு மேல் இதைக் கவனிக்கவில்லை. நான் பேசாமல் இருந்தால் கல்யாணம் நன்றாகவே நடந்து முடிந்திருக்கும், போட்டோவிலும் எதுவும் தெரிந்திருக்காது. ஒரு அம்மா கீழே நின்றிருப்பார், அவ்வளவுதான்.

நான் எழுந்து போனேன். நாதஸ்வரத்தை மீறிப் பேச வேண்டியிருந்ததால் கத்தித்தான் பேசினேன். "சித்தப்பா, அந்தப் பத்திரிகையில தப்பாப் போட்டது நான். நானா நெனச்சுக்கிட்டுப் போட்டேன். அவக வீட்டுக்காரர் சாகல. இவகதான் பிள்ளைய வளத்தாக. இவகதான் கையப் பிடிச்சுக் குடுப்பாக."

சித்தப்பா என்னைப் பார்த்தார், மதினியைப் பார்த்தார். பெரிய சண்டைக்கு நான் தயாராக இருந்தேன். அவர், "அப்படியா? அத மொதல்லயே சொல்லக் கூடாதா?" என்றார். பிறகு மதினியிடம், "அப்ப ஏறு தாயி, நேரம் போகுதுல்ல" என்று சொல்லிவிட்டு நாற்காலிக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார். எழுபத்தெட்டு வயதில் அவருக்கு அரை நிமிடம் ஆனது. எனக்கு மாதக்கணக்கில் ஆகியிருந்தது. அவரைப் பற்றி நான் வைத்திருந்த குறிப்பையும் அங்கேயே அழித்துவிட்டேன். மதினி படியேறும்போது என் காதருகில் குனிந்து, "பந்தக்கால் வரைக்கும் கேட்டிருக்கும் மதினி, ஒங்க தொண்டை" என்றார். பிறகு தனியாக நின்று, பவித்ராவின் கையை எடுத்து உன் கையில் வைத்தார். அதை நீ பார்த்தாய்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் நீ ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாய்: "அம்மா, நீ இன்னும் ஸ்கீமான்னு பழைய காலத்துலயே இருக்க. எங்க ஆபீஸ்ல வர்ற டேட்டாவ அப்படியே கொட்டி வச்சுக்குவோம். எடுத்துப் படிக்கும்போது கட்டத்தப் பாத்துக்கலாம்." எனக்குக் கொஞ்சம் வலித்தது, காட்டிக்கொள்ளவில்லை. இப்போது பதில் சொல்கிறேன். கொட்டி வைப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் சேமிக்கும் இடத்தில் வரைவு இல்லை என்றால், படிக்கிறவன் தலைக்குள் அது இருக்கிறது என்று அர்த்தம். அங்கே இருந்தால் யார் கண்ணுக்கும் தெரியாது, யாராலும் தப்பு என்று காட்டவும் முடியாது. என் அட்டவணைகளையாவது நாலு பேர் பார்த்து 'இந்தக் கட்டம் எதற்கு மேடம்' என்று கேட்க முடியும். முதல் ஒரு வருடத்தில் நீ பவித்ராவுக்கு ஒரு அட்டவணை போட்டுவிடுவாய். அவளும் உனக்குப் போடுவாள். போடாதே என்று சொல்ல மாட்டேன், யாராலும் போடாமல் இருக்க முடியாது. அதை அவளிடம் அவ்வப்போது காட்டு. 'நீ இப்படித்தானே' என்று நினைக்கும்போது, நினைத்ததோடு நிறுத்தாமல் வாய்விட்டுக் கேள். நீ என் பிள்ளை. கேட்காமல் இருப்பது உனக்கும் சுலபமாக வரும், அதற்கு மரியாதை என்று பெயரும் வைத்துக்கொள்வாய்.

கல்யாணத்தன்று மத்தியானம் நீங்கள் இருவரும் கோயிலுக்குப் போன பிறகு கடைசிப் பந்தியில் நானும் மதினியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். இரண்டு பேருக்கும் நல்ல பசி. பாயசம்வரை சாப்பிட்டு முடித்தோம். பிறகு அவர், "நம்ம பேச ஆரம்பிச்சு அஞ்சு மாசம் ஆச்சு. எங்கிட்ட நீங்க ஒரு வார்த்த கேட்டதில்லையே மதினி" என்றார்.

"கேக்கட்டுமா?"

"கேளுங்க. அதுக்குத்தான உக்காந்திருக்கேன்."

நான் கேட்டேன். என் வாழ்க்கையில் இன்னொருவர் வீட்டுக் கதையை நானாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவர் சொன்னார். இலையை எடுத்து, மேசையைத் துடைத்து, மண்டபத்து ஆட்கள் நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்த பிறகும் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் இரண்டு இடத்தில் சிரித்தோம், ஒரு இடத்தில் அவர் நிறுத்திவிட்டார், நானும் அதற்கு மேல் கேட்கவில்லை. அவர் சொன்னது எதையும் இதில் எழுதவில்லை. அது அவருடையது. அடுத்த தடவை ஊருக்கு வரும்போது ஒரு நாளாவது நாகமலை புதுக்கோட்டையில் தங்கு. உன் அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்து, நீயே கேள்.

ஒத்தக்கடை வீட்டிலிருந்து,
அம்மா